மூச்சு விடும் பலகை

சமையலறை லாச்சியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த மனைவி, "இது என்ன, எறியட்டா?" என்று கேட்டு ஒரு பித்தளைச் சாமானை நீட்டினாள். பெருவிரல் நுனியளவுதான் இருக்கும். தலையில் இருபது சத நாணயத்தைச் செருகித் திருப்புவதற்கு ஒரு வெட்டு. கழுத்தைச் சுற்றிக் கறுத்து இறுகிப்போன ரப்பர் வளையம். மரையில் பச்சைக் களிம்பு. எறியாதே என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது கோறையான மரப்பலகையின் தக்கை. அலையில் சறுக்கும் பலகைக்கு எதற்குத் தக்கை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குச் சமையல் நடந்திருக்காது.

நான் சிட்னிக்கு வந்து அதிக காலம் ஆகியிராத நேரம் அது. ஃபிரெஷ்வோட்டர் கடற்கரைக்கு மேலே, ஏற்றமான ஒரு தெருவில் பின்வளவு அறையொன்றில் வாடகைக்கு இருந்தேன். இரவில் தொழிற்சாலை வேலை, பகலில் நித்திரை. அந்த நித்திரையை அடுத்த வளவுக் கொட்டிலிலிருந்து வரும் சீவுளிச் சத்தம் கலைத்துவிடும். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. என் ஐயா வல்வெட்டித்துறைப் பக்கம் வள்ளம் கட்டிய தச்சர். மரத்தின் நார் போகும் போக்கில் சீவுளி போகும்போது ஒரு சத்தம், எதிர்ப்போக்கில் இழுபடும்போது வேறு சத்தம். அந்தச் சத்தத்துக்குள்தான் நான் வளர்ந்தேன். ஏறக்குறைய ஒன்பதாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், ஒரு சொல்லும் சரியாக விளங்காத ஊரில், எனக்கு முழுதாக விளங்கிய முதல் பேச்சு அதுதான்.

ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், காதில் பென்சில், முழங்கால்வரை சீவல் சுருள். உள்ளே வரச் சொன்னார். தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். ஐயாவின் வயதிலிருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. "அங்கிள்" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அதன்பிறகு கடைசிவரை அவர் எனக்கு அங்கிள்தான்.

மேசையில் கிடந்ததைப் பார்த்து, வள்ளம் கட்டுகிறீர்களா என்று கேட்டேன். நடுவே ஏரா மாதிரி நீளமான ஒரு பலகை. அதில் குறுக்கே வங்குகள். நுனியிலும் வாலிலும் கட்டையான மரத்துண்டுகள். எங்கள் ஊர் வாடியில் கிடக்கும் எலும்புக்கூட்டைக் கிடைமட்டமாக நசுக்கி வைத்ததுபோல இருந்தது.

"வள்ளம்தான், மகன். மேல்பக்கமும் மூடிய வள்ளம்" என்றார்.

பிறகு மேலே காட்டினார். கொட்டிலின் கூரை மரங்களுக்கிடையில், ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை, பதினாறடி நீளத்தில் ஒன்று தொங்கியது. இரண்டு முனையும் கூர்ந்து ஒடுங்கிய பலகை. பலகை முழுதும் பித்தளைத் திருகாணித் தலைகள் வரிசையாக. இளவயதில் அவரே கட்டியது. அந்தக் காலத்து அவுஸ்திரேலியாவில் அதைப் பல்குச்சி என்பார்கள். 1930களிலிருந்து இருபது வருடங்களுக்கு மேல் உயிர்காப்புக் கழகங்களின் கொட்டில்களில் இப்படிப்பட்ட பலகைகளே அடுக்கியிருந்தன. அப்போது கடையில் பலகை வாங்குபவர் குறைவு. பிளைவூட் தாளும் திருகாணியும் வாங்கி, தகப்பனின் கராஜிலோ கழகத்தின் பின்புறத்திலோ கட்டிக்கொள்வார்கள். ஒருவர் கட்டும்போது நான்கு பேர் பிடிக்க வருவார்கள். அடுத்த மாதம் அந்த நால்வரில் ஒருவருடைய பலகை. ஊரில் கூரை வேய்வதற்கு அயலட்டை முழுவதும் கூடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

கோறைப் பலகையின் கதையை அங்கிள் துண்டு துண்டாக, தேநீர் இடைவேளைகளில் சொன்னார். அது ஹவாயில் ஒரு அருங்காட்சியகத்தில் தொடங்குகிறது. ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகம் 1889இல் பெர்னீஸ் பவாஹி பிஷப் என்ற அரச குலப் பெண்ணின் நினைவாக நிறுவப்பட்டது. அவருடைய தகப்பன் அப்னர் பாக்கி என்ற பிரபு. அந்தப் பிரபு சறுக்கிய, பதினாறடிக்குக் கிட்டிய, ஏறக்குறைய 70 கிலோ நிறையுள்ள பழம் பலகைகள் அங்கே இருந்தன. ஓலோ என்ற அந்த வகைப் பலகையில் ஏறும் உரிமை பிரபுக்களுடையது. 1920களில் அந்தப் பலகைகளைச் சுத்தம் செய்து திருத்தும் வேலை டொம் பிளேக் என்ற இளைஞருக்குக் கிடைத்தது. விஸ்கொன்சின் மாநிலத்தில், கடலே இல்லாத இடத்தில் பிறந்தவர். டெட்ரொயிட்டில் ஒரு திரையரங்கில் ஹவாயின் நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்குவைச் சந்தித்துக் கைகுலுக்கியதுதான் அவரைக் கடலுக்கு இழுத்தது.

பழைய ஓலோவைத் தடவிப் பார்த்தவருக்கு அதைப் போலவே ஒன்று செய்ய ஆசை. நிறைதான் தடை. ஒரு முழு ரெட்வூட் பலகையில் மேலிருந்து கீழாக நூற்றுக்கணக்கான துளைகள் போட்டார். மரத்தை நன்றாகக் காயவிட்டு, இரு பக்கமும் மெல்லிய மரத்தால் மூடினார். பிறகு துளை போடும் முறையையே கைவிட்டு, விமானச் சிறகைப் போலக் குறுக்குச் சட்டங்கள் வைத்துத் தோல் போர்த்தும் முறைக்கு வந்தார். அதற்கு 1932இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு கோறைப் பலகையில் கையால் வலித்தே கட்டலினாத் தீவிலிருந்து கலிபோர்னியாக் கரை சேர்ந்தார். உள்ளூர்ச் சறுக்குக்காரர் சிலர் அதைச் சுருட்டுப் பெட்டி என்று நையாண்டி செய்தார்கள். உயிர்காப்பாளர்களோ கையில் எடுத்துக்கொண்டார்கள். மூழ்கும் ஒருவர் பற்றிக்கொண்டாலும் அமிழாமல் மிதக்கும் அந்தப் பலகையால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல. 1935இல் பிளேக் இன்னொன்றும் செய்தார். கைவிடப்பட்ட ஒரு விரைவுப் படகின் அடித்துடுப்பைக் கழற்றித் தன் பலகையின் வாலுக்கடியில் பொருத்தினார். இன்று உலகின் எந்தக் கடற்கரையிலும் பலகைக்கு அடியில் ஃபின் இருக்கிறதே, அதன் தொடக்கம் அது. என் எண்ணத்தில் சேர்ஃபிங்கின் வரலாற்றில் பிளேக்கை மிஞ்சிய கைவினைஞர் இல்லை. பழையதைத் திருத்தப் போன இடத்தில் புதியதைக் கண்டுபிடித்தவர் அவர்.

அங்கிளுடன் நான் கட்டிய பலகை பல்குச்சி அல்ல. பத்தடி சொச்சம், வட்ட மூக்கு, ஒற்றை ஃபின். மரத்துக்குக் காசு செலவழிக்கவில்லை. சிட்னியின் பழைய வீடுகளில் சன்னல் சட்டங்கள் ரெட் சீடர் மரத்தில் இருக்கும். வீடு இடிக்கும் இடங்களில் கேட்டு வாங்கி, ஆணி பிடுங்கி, வாளில் மெல்லிய கீற்றுகளாகக் கிழித்தோம். அந்த வாசனை இனிமையானது, ஆனால் தூசி பொல்லாதது. நெஞ்சை இறுக்கி இழுப்பு வரச் செய்யக்கூடியது. மூக்கில் துணி கட்டாமல் வாளைத் தொட அங்கிள் விடமாட்டார்.

நடு ஏரா பிளைவூட்டில். மூக்குப் பக்கம் எவ்வளவு மேலெழ வேண்டும், வால் எவ்வளவு உயர வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு துண்டின் வளைவே தீர்மானிக்கும். அதை வெட்டும்போது அங்கிள் பேசமாட்டார், வானொலியையும் நிறுத்திவிடுவார். வங்குகளை அதில் வெட்டுப்போட்டுச் செருகி, நடுவில் வட்ட ஓட்டைகள் போடுவோம். நிறை குறைக்க மட்டுமல்ல, உள்ளே காற்று ஒரு அறையிலிருந்து மறு அறைக்கு நடமாட வேண்டும் என்பதற்காகவும். அடித்தோல் முதலில், விளிம்புகள் பிறகு, மேல்தோல் கடைசியில். விளிம்புதான் பொறுமையைச் சோதிப்பது. ஒவ்வொரு கீற்றிலும் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் குவிவு சீவி, ஒன்றின்மேல் ஒன்றை உட்காரவைத்து வளைத்து ஒட்ட வேண்டும். பசை காயும்வரை அடுத்த கீற்று இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ. கொட்டிலில் இருந்த அத்தனை கிளாம்ப்பும் போதாமல், பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றிக் கட்டுவோம்.

பசை பற்றியும் ஒரு பழங்கதை. அங்கிளின் இளமையில் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசைதான் முதலில். அது ஈரத்தைத் தாங்குமே தவிர, நாட்கணக்காக ஊறினால் விட்டுக்கொடுத்துவிடும். திருகாணிகள் அத்தனை நெருக்கமாக இருந்ததற்குக் காரணம் அதுவே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரெசோர்சினோல் வந்தது. கடும் ஊதாப் பழுப்பு நிறம், மூட்டு விடவே விடாது. கூரையில் தொங்கிய பல்குச்சியின் பொருத்துகளில் அந்த இருண்ட கோடுகள் தெரியும். "இந்தக் கோடு வந்த பிறகுதான் நாங்கள் நிம்மதியாக நித்திரை கொண்டோம்" என்பார்.

அப்போதெல்லாம் ஐயாவின் நினைவு வரும். வள்ளத்தின் பலகைப் பொருத்துகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்று அடிப்பார். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும், மரம் ஊறிப் பருத்து இடைவெளி தானாக மூடும் என்பார். அவருடைய தலைமுறைக்கு அன்னபூரணி என்ற பெயரைச் சொன்னால் முகம் மாறும். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரின் கைக்குப் போய், 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகம்வரை ஓடியது. அங்கிளிடம் இதைச் சொன்னபோது, பசையில்லாமலா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தோல் தடித்த கப்பலுக்கு ஊறிப் பருப்பது நன்மை. அரை விரற்கடைக்கும் குறைவான தோலுள்ள பலகைக்கு அதுவே சாவு. கப்பலுக்குள் வந்த தண்ணீரை இறைத்து ஊற்றலாம். மூடிய பலகைக்குள் வந்தது உள்ளேயே குலுங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே தக்கை. பலகையின் மேல்தோலில், மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி, உள்ளே ஒரு கட்டை வைத்து அதில் பித்தளை மரையைப் பதிப்போம். கடலுக்குள் போகும்போது மூடி, கரையேறியதும் திறக்க வேண்டும். ஏன் என்று அங்கிள் விளக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த நான் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 பாகை வெப்பத்தில் மூடிய காற்று, கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 பாகையை எட்டினால் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடும். சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒரு சதுர மீற்றர் பரப்புள்ள தோலில் அது ஒரு தொன்னுக்கு மேற்பட்ட உந்தல். பொருத்து எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். அதற்கு எதிர்மாறும் உண்டு, அதுதான் பலருக்குத் தெரியாதது. சுட்ட பலகையைத் தக்கை மூடிக் குளிர்ந்த கடலில் போட்டால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கும். மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தாலும் அதன் வழியே கடலை உறிஞ்சும். திறந்து வைத்து, நிழலில் ஆறவிட்டு, பிறகு மூடிப் போகவேண்டும்.

இதை நேரில் கண்டதும் உண்டு. கழகத்து இளைஞன் ஒருவன் அங்கிளிடம் ஒரு பலகையை இரவல் வாங்கிப்போய், தை மாத வெயிலில் தக்கை மூடியபடி காரின் கூரையில் விட்டுவிட்டான். பின்னேரம் திரும்பி வந்தபோது விளிம்பு ஒரு முழ நீளத்துக்கு வாய் திறந்திருந்தது. பையன் அழாக்குறை. அங்கிள் ஏசவில்லை. நாளை ஏழு மணிக்கு வா என்றார். அவன் கையாலேயே பொருத்தைச் சுரண்டி, காயவைத்து, ஒட்டி, அரத்தாள் தேய்த்து, வார்னிஷ் பூசச் செய்தார். ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. அந்தப் பையன் பிறகு தனக்கென ஒன்று கட்டினான். இரவல் கேட்டவருக்குக் கொடுக்கும் முன் தக்கை பற்றி அவன் நிகழ்த்தும் உரை, அங்கிளினதைவிட நீளமானது.

சறுக்குவது வேறு உலகம். முதலில் பல்குச்சியை இறக்கினோம். இரண்டு பேர் தூக்க வேண்டும். முழங்காலில் இருந்தபடி இரு கைகளாலும் வலித்தால், நீளமான உடம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வேகம் வியப்பானது. நுரைப் பலகைக்காரர்கள் அலை செங்குத்தாகும்வரை காத்திருக்க, கோறைப் பலகையோ அலை இன்னும் வெறும் மேடாக இருக்கும்போதே, நெடுந்தூரத்திலேயே அதைப் பிடித்துவிடும். எழுந்து நின்றால் காலடியில் கடல் கேட்கும். அடித்தோலில் தண்ணீர் தட்டும் ஒவ்வொரு தட்டும் உள்ளே கோறையில் பெருகி, பாதத்தின் வழியே முழங்கால்வரை ஏறும். நுரைப் பலகையில் இந்தச் சத்தம் இல்லை. ஃபின் இல்லாத அதைத் திருப்ப ஒரே வழி, பின்காலைத் தண்ணீரில் இழுப்பது. பெரும்பாலும் அது திரும்பாது, நேராகக் கரைக்குத்தான் வரும். அதனால் குளிப்பவர்கள் இருக்கும் பக்கம் அதைக் கொண்டுபோக அங்கிள் ஒருநாளும் சம்மதிக்கவில்லை. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு வெகு தொலைவில், விடியற்காலையில் மட்டும். தொப்பியோடு மணலில் நின்று கையால் சைகை காட்டுவார். பருத்தித்துறைக் கடலில் நீந்திப் பழகிய எனக்குப் பசிபிக் கடலின் இழுவை வேறு பாடம். அலைகளுக்கிடையில் எண்ணச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

நாங்கள் கட்டிய பத்தடிப் பலகை ஃபின் உள்ளது, சொன்ன சொல் கேட்கும். ஆனாலும் அவசரப்படுத்த முடியாது. சாய்ந்தபின் ஒரு மூச்சு பொறுத்துத்தான் திரும்பும். அந்தப் பொறுமை பழகிவிட்டால் வேறு பலகை பிடிக்காமல் போகும் என்று அங்கிள் எச்சரித்தார். அது உண்மை.

1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கையொட்டி அமெரிக்க உயிர்காப்பாளர்கள் டோர்கி கடற்கரையில் நடந்த போட்டிக்கு வந்தார்கள். கண்ணாடிநார் போர்த்திய, ஃபின் பூட்டிய, குட்டையான பால்சா மரப் பலகைகள் அவர்களிடம் இருந்தன. சிட்னியின் வடக்குக் கடற்கரைகளிலும் சறுக்கிக் காட்டினார்கள். அலைக்குக் குறுக்காக அவர்கள் போனதைப் பார்த்து முழுக் கரையும் எழுந்து நின்றதாக அங்கிள் சொல்வார். உடனே எல்லோருக்கும் அதே வடிவம் வேண்டும். இங்கே பால்சா கிடைக்கவில்லை. ஆகவே ஓரிரு வருடங்கள் அமெரிக்க வடிவத்தை உள்ளூர்ப் பிளைவூட்டில் கோறையாகவே கட்டினார்கள். பிறகு பால்சா வந்தது, அதன்பின் பொலியுரேதேன் நுரை. ஃபிரெஷ்வோட்டருக்குப் பக்கத்திலுள்ள புரூக்வேல் பலகைத் தொழிற்சாலைகளின் ஊராயிற்று. கழகக் கொட்டில்களிலிருந்த பல்குச்சிகள் பல விறகாயின. அந்தப் பகுதியைச் சொல்லும்போது அங்கிள் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

1914இல் டியூக் ஃபிரெஷ்வோட்டரில் சறுக்கிக் காட்டிய பலகை மட்டும் இன்றைக்கும் அந்தக் கரையின் கழகத்திடம் பத்திரமாக உள்ளது. அது முழு மரம், பைன். முழு மரத்தைப் பேணுவது எளிது. கோறை மரம் அப்படியல்ல. நன்னீரில் கழுவு, தக்கையைத் திற, மூக்கைக் கீழே வைத்து நிழலில் நிறுத்து, ஒரு சொட்டாவது வழிகிறதா பார். குளிர்காலம் பிறந்ததும் பழைய மெழுகைச் சுரண்டு. தேங்காயைச் சுண்டிப் பார்ப்பதுபோல மூக்கிலிருந்து வால்வரை விரல் மூட்டால் தட்டு. சத்தம் மழுங்கும் இடத்தில் பொருத்து விட்டிருக்கிறது என்று பொருள். காயவைத்து ஒட்டு. பிறகு இரண்டு கை வார்னிஷ். இதில் ஒன்றைத் தவறவிட்டாலும் கோறைப் பலகை பழி வாங்கும். எல்லாம் செய்தால் மனிதரைவிட அதிக காலம் வாழும். அங்கிள் காலமானபோது அந்தப் பல்குச்சியின் வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை. அவருடைய மகள் அதைக் கழகத்துக்குக் கொடுத்தார்.

அதன்பின் நெடுங்காலம் மரப்பலகை பற்றிப் பேச ஆள் இல்லை. 2005 மார்கழியில் கலிபோர்னியாவில் கிளார்க் ஃபோம் நிறுவனம் ஒரே நாளில் கதவை மூடியது. அமெரிக்கப் பலகைகளில் பெரும்பாலானவற்றின் நுரை அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பலர் மரத்தை மறுபடி நினைத்தார்கள். அதே ஆண்டு மேய்ன் மாநிலத்தில் தொடங்கிய கிரெய்ன் என்ற பட்டறை, கோறைப் பலகை கட்டும் பொருட்களை விற்பதோடு கட்டவும் கற்றுக்கொடுத்தது. இங்கே குயின்ஸ்லாந்தில் டொம் வெக்னர் போலோனியா மரத்தைப் பலகைக்காரர்களிடம் பரப்பினார். யப்பானில் கோத்தோ என்ற தந்தி வாத்தியமும் கிமோனோ பெட்டிகளும் செய்யும் மரம் அது. ரெட் சீடரைவிட இலேசு, உப்புநீரை எளிதில் குடிக்காது.

என் மகள் இப்போது அந்த மரத்தில்தான் கட்டுகிறாள். வங்குகளைக் கணினியில் வரைந்து, இயந்திரத்தில் வெட்டுவித்து, தபாலில் எடுக்கிறாள். திருகாணி ஒன்றும் இல்லை, எல்லாம் எப்பொக்சி. தக்கைக்குப் பதிலாகக் காற்றை விட்டு நீரை மறிக்கும் சவ்வு பதித்த சிறு மூடி. திறக்கவும் மூடவும் தேவையில்லை. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனாலும் கரையேறியதும் குனிந்து நாணயத்தால் தக்கையைத் திருப்பி, உள்ளிருந்து வரும் அந்தச் சிறு பெருமூச்சைக் கேட்பதுதான் பலகையை அன்றாடம் விசாரிக்கும் வழக்கமாக இருந்தது. அவள் கையில் அந்த வழக்கம் இல்லாமல் போகக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்க்கப் பழக்கியிருக்கிறேன்.

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கட்டுமரக்காரரின் பேரப்பிள்ளைகள் இன்று இந்தியாவின் முன்னணிச் சறுக்குவீரர்களாக நிற்கிறார்கள். அறுகம்பேயிலும் நம்மவர் பிள்ளைகள் அலைக்குப் போகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கரைகளில் மரத்தை வளைக்கத் தெரிந்த தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு வயதாகிறது. பிளேக்கின் கோறைப் பலகை வரைபடம் 1930களின் பொப்பியூலர் மெக்கானிக்ஸ் இதழிலேயே வந்திருக்கிறது. கடற்பிளைவூட்டும் எப்பொக்சியும் படகு கட்டும் எந்த ஊரிலும் கிடைக்கும். அந்தத் தச்சர்களில் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு ஒன்று கட்டுங்கள். முதற்பலகை ஒன்பதடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.